திறந்து வைத்த காது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். இரண்டும் எனக்கு வேறு வேறு வீடும் இல்லை. அத்தை மகனையே கட்டிக்கொண்டேன். சின்ன வயதில் ‘பாவா’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய் கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. வீட்டில் நீ, வா, போ. நாலு பேர் முன்னால் மட்டும் கொஞ்சம் மரியாதை.

என் வாய்க்கு ஈடு கொடுத்த ஆள் இந்தத் திருத்தணியில் அவர் ஒருவர்தான். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அந்த ஒன்றில் என் பத்தும் படுத்துவிடும். கிருத்திகை தவறாமல் மலையேறிச் சாமி கும்பிடுவது எங்கள் வழக்கம். சன்னதியை விட்டு வெளியே வந்ததும், “இன்னா பாவா வேண்டிக்கின?” என்று கேட்பேன். அவர் விபூதியை நெற்றியில் இழுத்துக்கொண்டே, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்வார்: “அடுத்த ஜென்மத்துலயாச்சும் ஒரு ஊமைப் பொண்டாட்டியக் குடுன்னு.” அவ்வளவுதான், கீழ்ப்படி வரைக்கும் அவரை விடமாட்டேன். அவர் வம்சம், அவர் சமையல் ருசி, அவர் குறட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து வாருவேன். எதிரே படியேறி வருகிறவர்கள் நிஜச் சண்டை என்று நினைத்து வழிவிடுவார்கள்.

அந்தப் பதில் எப்போது நின்றது என்று சரியாகத் தெரியவில்லை. ஒரு கிருத்திகையில் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். “ஆங்” என்றார். இதற்கு ‘ஆங்’ ஒரு பதிலா? அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் ஆங்தான். அரிசி தீர்ந்துபோச்சு என்றால் ஆங். மகள் போன் பண்ணினாள் என்றால் ஆங். நான் செத்துப்போகிறேன் என்றால்கூட ஆங் சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார் போலிருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. இத்தனை வருஷம் என் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனுஷனுக்கு நான் சலித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

காது மந்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் விசைத்தறி ஓட்டுகிறார். நான் வீட்டில் உட்கார்ந்து, அந்தத் தறிகளில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும் நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக் கொடுக்கிறேன். தறி ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள், ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். டீக்கடையில் அவர்களோடு இவர் பேசுவதும் சிரிப்பதும் எப்போதும்போலத்தான் இருந்தது. வீட்டில் என்னிடம் மட்டும்தான் ஆங்.

பக்கத்து வீட்டுப் பூக்கார அக்காதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவளுக்கு இரண்டு காதும் அடைத்து, அரசு ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்துகொண்டு வந்திருந்தாள். “மொட்டு விரியற சத்தம் கூட கேக்குதுடி எனக்கு” என்று அளந்தாள். “உன் வூட்டுக்காரரையும் இட்டுகினு போ. அவருக்கும் அடைப்புதான், நான் பாத்துகினுதானே இருக்கேன்.”

“எந்த டாக்டரு?” என்றேன்.

“டாக்டரு இன்னாத்துக்கு? காது நாள்னு வாரத்துல ஒரு நாள் வெச்சிருக்காங்க. சிஸ்டரம்மாதான் பாக்குது. கை பூ மாதிரி.”

டாக்டர் இல்லாமல் என்ன வைத்தியம் என்று முணுமுணுத்தேன். ஆனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அடைப்பு என்றால் எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் என் பாவா பதில் பேசுவார். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அறைக்கு வெளியே பெஞ்சில் நல்ல கூட்டம். காது நாளில் அந்த வாசலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், வேறு பொழுதுபோக்கே வேண்டாம். வெளியே வருகிற ஒவ்வொருவரும் உள்ளிருந்து என்ன எடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் நகரமாட்டார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து வந்த ஒரு அம்மா, “கொள்ளு அளவு இருந்துச்சு, கொள்ளு!” என்று விரலைக் குவித்துக் காட்டினாள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், “பாகா வினபடதா உந்தி” என்று எல்லாரிடமும் தெலுங்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நன்றாகக் கேட்கிறதாம். பேரன் தோளைத் தட்டி, எதையாவது மெதுவாகப் பேசு என்று கேட்டுப் பரீட்சை வேறு வைத்துப் பார்த்தார்.

ஒரே ஒரு ஆள் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். “காது சுத்தமா கீதாம். ஒண்ணும் எடுக்கல. இதுக்கு ஒரு நாள் கூலி போச்சு” என்றார். பெஞ்சே அவருக்காக உச்சுக் கொட்டியது. நானும் கொட்டினேன்.

வாசலோரம் ஒரு ஆயாம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் மூன்று தகர டப்பா. ஒன்றில் சிரிக்கிற முகம், ஒன்றில் சும்மா இருக்கிற முகம், ஒன்றில் அழுகிற முகம் ஒட்டியிருந்தது. வைத்தியம் முடிந்து வருகிறவர்கள் கையில் ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்து, எந்த முகமோ அதில் போடச் சொல்வாள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் சுலபம். அந்த ஆள் அழுகிற டப்பாவில் நங்கென்று போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் முறை வந்தது. சிஸ்டருக்கு நாற்பது வயதிருக்கும். சத்தமே போடாமல் பேசுகிறவர். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் முதலில் சந்தேகம்தான் வரும். அவர் பாவாவுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“காதுல ஏதாவது வெப்பீங்களாய்யா?”

“வலது காதுல நூலு வெப்பேன் சிஸ்டர். கழிவு நூலை உருட்டி அடைச்சிக்குவேன். தறி சத்தம் தாங்காது.”

“இடது காதுல?”

“அத எப்படி அடைக்கறது?” பாவாவுக்கு இந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. “ஒரு காது தொறந்திருக்கணும் இல்ல? நூலு அறுந்தா தறி சத்தம் மாறும். அது கேட்டாத்தான் ஓடிப்போயி நிறுத்த முடியும். எங்க ஷெட்டுல எல்லாருமே ஒரு பக்கம்தான் அடைப்போம்.”

சிஸ்டர், முனையில் குட்டிப் புனல் வைத்த விளக்கை வலது காதில் வைத்துப் பார்த்தார். பிறகு மெல்லிய இடுக்கியை எடுத்து, “அசையாம இருங்க, வலிச்சா கையத் தூக்குங்க” என்றார். நான் பாவாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வளைந்த தட்டில் ஒன்றைப் போட்டார். எண்ணெயும் அழுக்கும் ஊறிய அரக்கு நிற நூல் உருண்டை. அடப்பாவி மனுஷா! அந்த அரக்கு நூலைத் தாரில் சுற்றியதே நான்தான். எப்போதோ தறியில் ஓடிய சேலைக்கு வந்த நூல் அது. அடைத்த நூலில் பாதி வெளியே வந்து, பாதி உள்ளேயே தங்கி, அதன்மேல் தினமும் புது நூலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்.

பாவா கண்ணைச் சிமிட்டினார். மேலே பார்த்தார். “ஃபேனு சத்தம் போடுதே” என்றார்.

அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. சிஸ்டர் கையைப் பிடித்து, நல்லா இரும்மா, உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இடது காதுக்குப் போனார். வெகுநேரம் பார்த்தார். இரண்டு கால் வைத்த ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்காரமிடும்போது காதருகில் பிடித்தார், காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், கேட்கிறதா என்றார். பாவா உதட்டைப் பிதுக்கினார்.

“இந்தக் காது சுத்தமா இருக்கும்மா. எடுக்க ஒண்ணுமில்ல.”

“நல்லா பாருங்க சிஸ்டர். அதுல அவ்ளோ இருந்துச்சு, இதுல இல்லாம போவுமா?”

“அடைப்பு இல்லம்மா. உள்ள நரம்பு எப்படி இருக்குன்னு பாக்கணும். அதுக்கு இங்க மிஷின் இல்ல. சீட்டு தரேன், திருவள்ளூர்ல டெஸ்ட் எடுத்துட்டு வாங்க.”

இப்போதுதானே பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினேன்? அதே வாயால், “ஒரு காதுக்குப் பாத்துட்டு இன்னொரு காதுக்கு ஊரு சுத்தச் சொல்றீங்களே, இது இன்னா நியாயம்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வெளியே ஆயாம்மா ஒரு புளியங்கொட்டையை நீட்டினாள். “இன்னொண்ணு குடு, காது ரெண்டாச்சே” என்று வாங்கி, சிரிக்கிற டப்பாவில் ஒன்று, அழுகிற டப்பாவில் ஒன்று போட்டேன்.

வீட்டுக்கு வந்தால், பழைய ஆங் பாதிக்குப் பாதி அப்படியே இருந்தது. எதிரே நின்று பேசினால் சில பதில் வந்தது. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பேசினால் ஆங். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் ஆங். அந்த இடது காதில் இருப்பதையும் எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று எனக்கு ஒரே வெறி. திருவள்ளூர்ச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் தோளில் பை மாட்டிக்கொண்டு காது குடைந்து விடுவார். அவரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் சிஸ்டர் மாதிரி இல்லை. கையை ஆட்டி, கண்ணை உருட்டி, “அய்யோ, உள்ள கல்லு கட்டியிருக்கு தாயி!” என்றார். எனக்கு அப்போதே பாதி திருப்தி. கம்பியை விட்டார், சுழற்றினார், பாவா முகத்தைச் சுளித்தார். மஞ்சள் நிறத்தில் அரிசி நுனி மாதிரி ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சிஸ்டர் கண்ணுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்தது பார்த்தாயா என்று தெருவெல்லாம் சொல்லி, பூக்கார அக்காவிடமும் அந்தக் கல்லைக் காட்டினேன்.

“இப்ப எப்படி கீது பாவா?” என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன்.

“ஆங், ஜோரா கேக்குது” என்றார்.

மறுநாள் காலையில் அவர் தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இடப்பக்கம் நின்று சட்னி ஊற்றினேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்: “பாவா, உங்கம்மா மேல்லோகத்துலருந்து திரும்பி வந்து வாசல்ல நிக்குது. இட்லி இருக்கான்னு கேக்குது.”

“ஆங்” என்றார். இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

முதலில் சிரித்தேன். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். “நான் சொன்னது கேக்கலயா?”

அவர் தட்டைப் பார்த்தார். “கேக்கல.”

“அப்ப ஜோரா கேக்குதுன்னு ஏன் சொன்ன?”

“அந்தக் கல்லக் கையில வெச்சிகினு அவ்ளோ சந்தோசமா நின்ன. அத ஏன் கெடுப்பானேன்னு...”

தலையணை உறையில் இரண்டு துளி ரத்தம் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். வலித்திருக்கிறது, அதையும் சொல்லவில்லை. என் திருப்திக்காக மனுஷன் வலியை விழுங்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். சலித்துப்போனவர் செய்கிற காரியமா இது? அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த பாசத்துக்கும் கோபத்துக்கும் அளவே இல்லை. இரண்டையும் சேர்த்து நன்றாகத் திட்டிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

அன்று காது நாள் இல்லை. சிஸ்டர் வேறு வார்டில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் வந்து விளக்கை எடுத்தார். நான் அந்தக் கல்லையும் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கொடுத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

“இது காது குடையறவரு விரலிடுக்குலயே இருந்திருக்கும்மா. நான் பாத்தப்ப சவ்வு வரைக்கும் பளிச்சுனு தெரிஞ்சுது. இவ்ளோ பெரிய கல்லு எனக்குத் தெரியாமலா போகும்?” என்றார். “நல்லவேளை, வெளியதான் கீறியிருக்கு. சவ்வுல படல.” மருந்து விட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. “காலியா இருக்குன்னு சொன்னா யாருக்குமே பிடிக்கறதில்லம்மா. எனக்குப் பழகிப்போச்சு. திருவள்ளூர் மட்டும் போயிட்டு வந்துடுங்க.”

புண் ஆறியதும் போனோம். ரயிலேறிப் போய், கண்ணாடி வைத்த பெட்டி மாதிரி அறையில் அவரை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வலது காதுக்கு அவர் கை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஏறி ஏறி இறங்கியது. இடது காதுக்கு வந்தபோது கை மடியிலேயே கிடந்தது. தூக்கு பாவா, தூக்கு என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசி வரைக்கும் ஒன்றிரண்டு முறைதான் தூக்கினார்.

அந்தக் காகிதத்தோடு மறுபடி சிஸ்டரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு, பாவாவின் முகத்துக்கு நேரே, மெதுவாக, மறைக்காமல் சொன்னார். இடது காதின் நரம்பு தேய்ந்துவிட்டது. போனது போனதுதான், திரும்பாது. காதில் மாட்டும் மிஷினுக்கு எழுதித் தருகிறேன், வர நாளாகும், வந்தாலும் ஓரளவுக்குத்தான் உதவும்.

“நூலு அடைச்ச காது பொழைச்சிக்கிச்சு ஐயா. தறிக்காகத் தொறந்து வெச்சீங்களே, அந்தக் காதுதான் போச்சு. இனிமே ரெண்டு பக்கமும் அடைச்சுதான் ஷெட்டுக்குள்ள போகணும். நூலு இல்ல, நான் தர்ற அடைப்பான். நூலு அறுந்தா கண்ணால பாத்துக்குங்க.”

பாவா தலையாட்டினார். நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

“நீங்க எப்பவும் அவருக்கு இந்தப் பக்கம்தான் உக்காருவீங்களா? போன தடவையும் இங்கதான் உக்காந்தீங்க.”

“பொண்டாட்டி எடது பக்கம்தானே சிஸ்டர்?” கல்யாணத்தன்று உட்கார வைத்த பக்கம். கோயிலில், விசேஷத்தில், படுக்கையில், இந்த பெஞ்சில், எல்லாம் அந்தப் பக்கம்தான். மொபெட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தாலும் என் வாய் அவருடைய இடது காதுக்குத்தான் இருக்கும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. செத்த காதிடம் போய் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“எழுந்து இந்தப் பக்கம் வாங்க” என்றார் சிஸ்டர். “கத்தாதீங்க. முகம் தெரியற மாதிரி, சாதாரணமா பேசுங்க. போதும்.”

வாசலில் ஆயாம்மா கொட்டையை நீட்டினாள். நான் சிரிக்கிற டப்பாவில் போட்டேன். “இன்னாம்மா இது, இந்த தபா ஒண்ணுமே எடுக்கலயே?” என்றாள் ஆச்சரியமாக. “எடுக்கலதான், நீ டப்பாவப் பாத்துக்கோ” என்றேன்.

அதற்கடுத்த கிருத்திகைக்கு மலையேறினோம். அரக்கோணத்திலிருந்து என் நாத்தனாரும், அதாவது பாவாவின் அக்காவும் வந்திருந்தாள். சன்னதி முன்னால் நான் வலப்பக்கம் நின்றதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

“இன்னாடி இது? கட்டினவ எந்தப் பக்கம் நிக்கணும்னு கூடவா தெரியாது?”

“அந்தப் பக்கம் நின்னா உன் தம்பிக்குக் கேக்காது அண்ணி.”

“சாமி முன்னாடி இன்னாத்தடி பேசப்போற? பக்கம் மாறி நின்னா புருசனுக்கு ஆவாது. தள்ளி நில்லு.”

எதற்கும் அடங்காத என் வாய் அந்தச் சொல்லுக்கு அடங்கிவிட்டது. புருஷனுக்கு ஆகாது என்றால் என்ன செய்ய முடியும்? பயந்துபோய் இடப்பக்கமே நகர்ந்து நின்றேன். தீபாராதனைக்கு மணி அடித்தது. கையைக் கூப்பிக்கொண்டு நின்றவள், பாவாவைக் காணோமே என்று திரும்பினேன். மனுஷன் கூட்டத்தில் ஆட்களை விலக்கிக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் சுற்றிவந்து, எனக்கு இடப்பக்கம் போய் நின்றார். வலது காது என் பக்கம் இருந்தது. அக்காவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்தோம். கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு படி இறங்கும் வரைக்கும் யோசித்தேன். சிஸ்டர் சொன்ன மாதிரி கத்தாமல், சாதாரணமாகக் கேட்டேன்.

“இன்னா பாவா வேண்டிக்கின?”

அவர் விபூதியை நெற்றியில் இழுத்துக்கொண்டார். சிரிக்கவில்லை.

“அதேதான். ஊமைப் பொண்டாட்டி. எத்தினி வருசமா கேட்டுகினு இருக்கேன், இன்னும் குடுக்கல. அவருக்கும் எடது காதுல கோளாறு போல கீது.”

அன்று ஒரு நாள் மட்டும் சாமி அவருக்குக் கேட்டதைக் கொடுத்தார். கீழ்ப்படி வந்து சேரும் வரைக்கும் என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.